படப்புத்தகம் ஒன்றைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள்

“சின்னப் படப்புத்தகம்தான் டீச்சர், 32 பக்கம். பார்த்துவிட்டு ஒரு கருத்துச் சொன்னால் போதும்.” இப்படி யாராவது உங்களிடம் கேட்டால், தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இலங்கை மலையகத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறவர்கள், முன்பள்ளி நடத்துகிறவர்கள், தோட்டத்தில் சின்னதாக ஒரு வாசிகசாலை வைத்திருப்பவர்கள் என்று பலரிடமும் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. 2023இல், நம் ஆட்கள் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து 200 வருடம் என்று ஊரெங்கும் நிகழ்வு வைத்தார்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். அதற்குப் பிறகு இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படக்கதையாகக் கொடுக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அப்படி ஒரு புத்தகத்தை எப்படிப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று சொல்லித்தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 2க்குப் படிப்பிக்கிறேன். கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் கூப்பிட்டது, பெயர் வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை, மூன்று மொழியிலும் வரும், தோட்டப் பாடசாலைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறோம், உள்ளூர் ஆள் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது என்றார்கள். பேசிய பிள்ளை மிகவும் மரியாதையாகத்தான் பேசியது. “சிறு கொடுப்பனவும் இருக்கு மிஸ்” என்றும் சொன்னது. எவ்வளவு, எப்போது என்று பேச்சு வரவில்லை. முதல் பேச்சிலேயே காசைப் பற்றிக் கேட்பது நம் பக்கத்தில் வழக்கமில்லையே. அன்றைக்கே வட்ஸ்அப்பில் புத்தகம் வந்து விழுந்தது. திறந்து பார்த்தால் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை எல்லாம் கலரில், எழுத்துக் கோத்து, அச்சகத்துக்குப் போகிற கோலத்தில் இருக்கிறது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு படப்புத்தகம் கதையாக எழுதப்பட்டு, பிறகு சின்னச் சின்னக் கட்டங்களில் கிறுக்கலாக வரையப்பட்டு, அப்புறம் பென்சில் படமாகி, கடைசியில்தான் கலருக்குப் போகிறது. பென்சிலில் இருக்கும்போது ஒரு ஆளை இடம் மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டு வரையலாம். கலர் முடிந்த பிறகு அதே மாற்றத்துக்கு இரண்டு பக்கப் படத்தையும் புதிதாகத் தீட்ட வேண்டும், ஓவியருக்கு மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். யார் செய்வார்கள்? கலர் முடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, பெரும்பாலும் உங்கள் கருத்தைவிட உங்கள் பெயர்தான் தேவைப்படுகிறது. பக்கக் கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. ஒரு பெரிய தாளில் 16 பக்கம் அடித்து மடிப்பார்கள், அதனால்தான் இப்படிப் புத்தகங்கள் அநேகமாக 32 பக்கத்தில் நிற்கின்றன. “இங்கே ஒரு பக்கம் சேருங்கள்” என்று எழுதினால் அது நடக்காது. எந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு அதைப் போடலாம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் யோசிப்பார்கள். இதெல்லாம் அச்சகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் நான் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிவிட்டேன்.

போனில் பார்த்துக் கருத்துச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே படமாக வருவது போனில் தெரியாது, நடு மடிப்பில் யாருடைய முகம் சிக்கிக்கொள்கிறது என்பதும் தெரியாது. நான் ஹட்டனுக்குப் போய்க் கலர் பிரிண்ட் எடுத்தேன். நல்ல தாளில் எடுத்ததால் கை கடித்துவிட்டது. அந்தச் செலவை அவர்களிடம் கேட்கலாம், அச்சிட்ட மாதிரி ஒன்றை அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். அப்புறம், எழுத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை அப்படித்தான் பார்க்கும். நான் இப்படிப் பார்த்தபோதுதான் புத்தகத்தின் உண்மையான கதை தெரிந்தது. எழுத்தில் ‘துயரம்’, ‘உழைப்பு’ என்று பெரிய சொற்கள் கிடக்கின்றன. படத்தில், வெள்ளைக் குதிரையில் வரும் துரை ஒருவர்தான் பளிச்சென்று சிரிக்கிறார். மற்ற எல்லோரும் குனிந்த தலை, பாதி முகம். கதாநாயகிச் சிறுமி மட்டும் வெளுப்பு, அவள் தாயும் தகப்பனும் கறுப்பு. எழுதியவர் இதை எண்ணியிருக்க மாட்டார், வரைந்தவர் பழக்கத்தில் போட்டுவிட்டார். ஆனால் பிள்ளையின் மனதில் நிற்கப்போவது அதுதான்.

கொழுந்து எடுக்கும் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலை இல்லை, தட்டையான வயல் மாதிரி ஒரு இடம். தேயிலைச் செடி கணுக்கால் உயரம். பெண்களின் தலையில் கூம்பு வடிவத் தொப்பி, வேறெந்த நாட்டுத் தோட்டத்துப் படத்தையோ பார்த்து வரைந்திருக்க வேண்டும். கூடையின் கயிறு இரண்டு தோளிலும் மாட்டியிருக்கிறது. நம் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு முதுகில் தொங்கவிடுவார்கள், தலைக்கும் கயிற்றுக்கும் நடுவில் மடித்த துணி இருக்கும், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி இருக்கும். இப்போது பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்குப் பை வந்துவிட்டது, அது வேறு கதை. என் வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டியதும் முன் வரிசைப் பையன் சிரித்துவிட்டான். “டீச்சர், கூடைய ஸ்கூல் பேக் மாதிரி மாட்டியிருக்கு!” அவன் அம்மா கொழுந்தெடுக்கிறவர். அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது வகுப்பில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுப் பிழை தேடத் தொடங்கிவிட்டார்கள். தங்களுக்காகச் செய்த புத்தகத்தில் தங்கள் வீட்டு வேலையைப் பிழையாகப் பார்த்தால், மிச்சப் பக்கங்களையும் பிள்ளை நம்பாது.

பிறகு வரலாறு. கதையின் தொடக்கத்தில், 200 வருடத்துக்கு முன் ஒரு தாயும் தகப்பனும் மகளும் படகில் வந்து இறங்கி, அடுத்த பக்கமே தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறார்கள். 1820களில் இங்கே தேயிலைத் தோட்டமே இல்லை. வந்தவர்கள் காப்பிக்காக வந்தவர்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல், காப்பியை இலைநோய் பிடித்தது 1869இல், அதன் பிறகுதான் மெல்ல மெல்ல மலை முழுவதும் தேயிலையானது. காப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், அறுவடைக்கு வந்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் தேவைப்பட்டது, அதனால்தான் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்ததையும், வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களையும் புத்தகம் ஒரே தாவலில் தாண்டிவிட்டது. “சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா மிஸ்?” என்று கேட்டார்கள். பிள்ளைக்கு ஆண்டு தேவையில்லைதான். ஆனால் படத்தில் எந்தச் செடி நிற்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். காப்பிப் பழம் சிவப்பு, பறிக்கிற விதமும் வேறு. கதையைத் தேயிலைக் காலத்துக்குத் தள்ளிவையுங்கள், அல்லது செடியை மாற்றுங்கள் என்று எழுதினேன். புலம்பெயர்வுப் புத்தகம் எதை எடுத்தாலும் முதலில் ஒரு துண்டுத் தாளில் காலக்கோடு ஒன்று போட்டு, ஒவ்வொரு பக்கமும் எந்த வருடத்தில் நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஓட்டை தானாகத் தெரியும்.

காலக்கோடு போட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. கதை 1948ஐயும் 1949ஐயும் தொடவே இல்லை. லயத்தில் ஒரு பொங்கல், அடுத்த பக்கத்தில் 1970களில் பாட்டியின் அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறுகிறார். ஏன் போகிறார்? ஒரு வரிகூட இல்லை. ஆசைப்பட்டுப் போகிற மாதிரிக் கை வேறு காட்டுகிறார். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றிருந்த மிச்சப் பேருக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். இதைத் தரம் 2 பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நான் இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: “ஒரு நாள், இது உங்கள் நாடு இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. தாத்தா இந்த லயத்தில்தான் பிறந்தார்.” பொங்கல் படம் இரண்டு இருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்றும் சொன்னேன். “அரசியல் வேண்டாம் மிஸ்” என்று பதில் வந்தது. குடியேறியவர்கள் பற்றிய கதையில் அவர்களை யார் ஏற்றுக்கொண்டார்கள், யார் ஏற்கவில்லை என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுற்றுலாக் கதை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கப்பல் பக்கத்துக்குச் சாட்சி தேவைப்பட்டது. எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், அவருடைய அக்கா குடும்பம் அந்தக் காலத்தில் போனது. பெரியவர்களிடம் படத்தைக் காட்டி “சரியா இருக்கா பாட்டி?” என்று கேட்காதீர்கள். “நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா” என்று முடித்துவிடுவார்கள், வேறு என்ன சொல்வார்கள், நம்மைச் சங்கடப்படுத்த மாட்டார்கள். “இதுல என்ன இல்ல?” என்று கேளுங்கள். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்றக் கோச்சி (ரயில்) நிற்கும் படத்தை வெகுநேரம் பார்த்தார். “ஆளுங்க எங்க பிள்ள? ஒரு குடும்பம் போனா தோட்டமே வந்து நிக்கும். பெட்டி எங்க? தகரப் பெட்டி, மேல பேரு வெள்ளப் பெயிண்டுல எழுதியிருப்பாங்க. இந்தா இவ சும்மா கைப்பையோட நிக்கிறா, டவுனுக்குச் சாமான் வாங்கவா போறா?” என்றார். அக்கா குடும்பம் தலைமன்னார் போய்க் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரிப் பக்கம் திரும்பவும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்ததாம். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது என்று நான் படித்திருக்கிறேன், ஆனால் பாட்டி சொன்ன விதத்தில் அது வேறு மாதிரி இருந்தது. “அங்க போயும் அதே கூடதான்” என்று சொல்லிவிட்டு எனக்குச் சாயத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். அந்த ஒரு வரியை வைத்தே ஒரு புத்தகம் செய்யலாம். நிறுவனத்துக்கு எழுதினேன், அதற்குப் பதில் வரவில்லை.

பெரியவர்களிடம் பேசியபோது கவனித்த இன்னொன்று, அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிற கதைகள் புத்தகத்தில் ஒன்றுமில்லை. தேயிலைச் செடியின் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று கங்காணி கதைவிட்டு ஆள் பிடித்தாராம், வந்த பிறகு ஒரு வருடம் தோண்டிக்கொண்டே இருந்தோம் என்று கேலி பேசுவார்கள். மாரியம்மனையும் காமன் கூத்தையும் தப்பு மேளத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் இவர்கள் கொண்டுவரப்பட்டார்கள், குடியமர்த்தப்பட்டார்கள், வேலைக்கு விடப்பட்டார்கள். ஒருவர்கூடத் தானாக ஒரு முடிவெடுக்கவில்லை. நீங்கள் பார்க்கும் புத்தகத்திலும் இதைச் சோதியுங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் யார் எதைச் செய்கிறார் என்று பென்சிலால் குறியுங்கள். குடும்பம் எதையும் செய்யாமல் எல்லாம் அதற்கு நடந்துகொண்டே இருந்தால், பாவம் பார்க்கத்தான் பிள்ளை பழகும்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தைக் கோடிடுங்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகளிடம் காட்டிப் பார்ப்பது கட்டாயம், ஆனால் கவனமாக. கதையைச் சொல்லாமல் படத்தைக் காட்டி “இங்க என்ன நடக்குது?” என்று மட்டும் கேட்டேன், அவர்கள் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினேன். எந்த இடத்தில் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பச் சொன்னார்கள், எங்கே கையை வைத்து நிறுத்தினார்கள் என்பதும் முக்கியம். கப்பல் பக்கம் வந்தபோது ஒரு பிள்ளை, “அவங்க போன் எடுப்பாங்களா டீச்சர்?” என்று கேட்டது. அந்தப் பிள்ளையின் அம்மா சவூதிக்குப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் போன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கடிதம் போடுவாங்க என்றேன். “எப்ப வருவாங்க?” என்றது. நம் வகுப்புகளில் தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! பயணம், பிரிவு பற்றிய புத்தகத்தை முழு வகுப்புக்கும் ஒரேயடியாகக் காட்டாமல், மூன்று நான்கு பேராகப் பிரித்து, யாருடைய வீட்டில் என்ன நிலை என்று தெரிந்துகொண்டு காட்டுங்கள். பிறகு பேசுவதற்கு நேரம் வையுங்கள், மணி அடிக்கிற நேரத்தில் தொடங்காதீர்கள். அமெரிக்காவில் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990இல் எழுதியது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது: புத்தகம் பிள்ளைக்குத் தன்னைப் பார்க்கும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைப் பார்க்கும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும். என் வகுப்பில், பழைய காலத்தைக் காட்டும் ஜன்னல் என்று நினைத்துத் திறந்த பக்கம் அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடியாகிவிட்டது. நிறுவனத்துக்கு இதையும் எழுதினேன். அந்தப் பக்கத்தில் ஒரு கடிதம் வந்து சேர்கிற மாதிரிச் சின்னப் படம் ஒன்றாவது போடச் சொன்னேன்.

நான் எழுதிக் கொடுத்ததில் அவர்கள் மாற்றியது சில எழுத்துப் பிழைகளையும் ஊர்ப் பெயர் ஒன்றையும்தான். தொப்பி அப்படியே, கூடை அப்படியே, துரையின் சிரிப்பும் அப்படியே. என் பெயரைப் போட வேண்டாம் என்று எழுதினேன், புத்தகம் வந்தபோது கடைசிப் பக்கத்தில் ‘ஆலோசனை’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பாடசாலையில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அதைப்போலச் சங்கடம் வேறில்லை. சொன்ன கொடுப்பனவு வரவில்லை, கேட்டபோது திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். பிரிண்ட், பஸ், போன் டேட்டா என்று கையிலிருந்து போனது ஏறத்தாழ பதினைந்தாயிரம் ரூபா. அந்த மாதங்களில் சனிக்கிழமை வகுப்பை நிறுத்தியதால் போனது அதைவிட அதிகம். காசைவிட, பாட்டி சொன்னதும் பிள்ளைகள் சொன்னதும் யாருக்கும் பயன்படாமல் என் கொப்பியிலேயே கிடப்பதுதான் உறுத்துகிறது.

இப்போது யாராவது கேட்டால் போனில் ஒன்றும் சொல்வதில்லை, எழுத்தில் ஒரு செய்தி அனுப்புகிறேன். விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்: “புத்தகம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பென்சில் படமாக இருந்தால் பார்க்கிறேன், கலர் முடிந்திருந்தால் எழுத்தை மட்டும் பார்க்க முடியும். அச்சிட்ட பிரதி அனுப்ப வேண்டும். கட்டணம் இவ்வளவு, பாதி முன்பணம். நான் சொல்வதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை என்று அச்சுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் என் பெயரைப் போடலாமா என்று சொல்வேன். பேசிய பெரியவர்களுக்கும் பாடசாலைக்கும் புத்தகம் கொடுக்க வேண்டும்.” முதலில் அனுப்பும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு இடத்திலிருந்து அதன் பிறகு பேச்சே இல்லை. இன்னொரு இடத்திலிருந்து பென்சில் படங்களும் முன்பணமும் வந்தன. அந்தக் கதையில் சிறுவன் ஒருவன் மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறான். பஸ்ஸில் ஏறும் படத்தில் அவன் தனியாக நிற்கிறான், அவனைக் கூட்டிப் போகிறவர் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஓவியர் அழித்துவிட்டு மறுபடியும் வரைகிறாராம்.